ஊட்டி நீராவி ரயிலுக்குக் காரைக்குடியிலிருந்து குழுப் பயணம்: இரண்டு தடவை போய் வந்த கதை

ஊட்டி ஸ்டேஷனை விட்டு வண்டி நகர்ந்ததும் ஹாரன் அடித்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பா என் பக்கம் திரும்பி, "இது டீசல் ஆத்தா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. குன்னூர் வரும் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அப்பாவுக்கு 84 வயது. ரயில்வேயில் கிளீனராகச் சேர்ந்து, ரெண்டாம் பயர்மேன், முதல் பயர்மேன், ஷண்டர் என்று படிப்படியாக ஏறி, டிரைவராக ஓய்வு பெற்றவர். திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை மீட்டர்கேஜ் பாதையில் அவர் கரி அள்ளிப் போட்ட வருஷங்கள் ஏராளம். ராத்திரி ஒரு மணிக்கு, டூட்டிக்குக் கூப்பிட வரும் கால்பாய் வந்து கதவைத் தட்டி, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்படிப்பட்ட மனுஷனைத்தான் போன மே மாதம் "ஊட்டி நீராவி ரயில், 2 நாள், ஏசி வேன், சாப்பாடு தங்கல் உட்பட" என்ற விளம்பரத்தை நம்பி அழைத்துப் போனேன்.

காரைக்குடியில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்ன சுற்றுலா நிறுவனம் அது. பெயரை எழுத மனம் வரவில்லை. முதல் தடவை பெரிய தவறு செய்தார்கள். கேட்டதும் சரி செய்தும் கொண்டார்கள். இந்த ஜனவரியில் அவர்களோடேயே மறுபடியும் போய்வந்தேன். ஆகவே இது இரண்டு பயணத்துக்கும் சேர்த்து எழுதுவது.

தவறு என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலைப்பாதை 46 கிலோமீட்டர். வழக்கமான வண்டியில் நீராவி இன்ஜின் இருப்பது மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே உள்ள 28 கிலோமீட்டரில்தான். குன்னூரில் இன்ஜினை மாற்றி, அங்கிருந்து ஊட்டிக்கு டீசல் போடுகிறார்கள். குன்னூர் ஊட்டி டிக்கெட் சுலபமாகக் கிடைக்கும். மேட்டுப்பாளையம் குன்னூர் டிக்கெட் கிடைப்பது கஷ்டம், ஒரு நாளைக்குக் காலையில் ஒரு வண்டிதான் மேலே போகிறது. நிறுவனம் கிடைத்ததை வாங்கிவிட்டு, விளம்பரத்தில் மட்டும் புகை கக்கும் இன்ஜின் படத்தைப் போட்டுவிட்டது. எங்களோடு வந்த 17 பேரில் அப்பாவைத் தவிர யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

ஊருக்கு வந்ததும் அலுவலகத்துக்குப் போனேன். நடத்தும் பையன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். "டீச்சர், எல்லாமே ஸ்டீம்னுதான் டீச்சர் நினைச்சேன்" என்றான். பொய் சொல்லவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். "அடுத்த தடவை தாத்தாவுக்கு டிக்கெட் என் செலவு" என்றான். சொன்னபடி செய்தான்.

இரண்டாவது பயணம் ஆளுக்கு 5,500 ரூபாய். ராத்திரி எட்டரை மணிக்குப் பெரியார் சிலை அருகே ஏற்றிக்கொண்டார்கள். திருப்பத்தூர், நத்தம், திண்டுக்கல் வழியாகப் போய் விடியற்காலையில் மேட்டுப்பாளையம். வேன் நல்ல வேன், ஓட்டியவரும் நிதானமானவர். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் பொட்டலம் கட்டித் தந்தார்கள், நன்றாக இருந்தது. வெள்ளைப் பணியாரத்தையும் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டாம். அது சட்டியிலிருந்து எடுத்த சூட்டில், வரமிளகாய்ச் சட்னியோடு சாப்பிட வேண்டியது. ஆறு மணி நேரம் தாளுக்குள் இருந்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. குளிக்க எடுத்துக் கொடுத்த அறை சுத்தமாக இருந்தது. இதற்கு மேல் வேன், அறை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

காலை 7.10 வண்டி. ஆறரைக்கே பிளாட்பாரத்துக்குப் போய்விட்டோம். இன்ஜின் வண்டிக்கு முன்னால் இல்லை, பின்னால் நின்றது. மேலே ஏறும்போது அது பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கிக்கொண்டு வரும். எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான். பெட்டி எதுவும் கழன்று ஓடிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு கடைசிப் பெட்டியையும் தாண்டி நேரே அங்கே போனார். உள்ளே இருந்தவர்களில் இளையவர் எட்டிப் பார்த்தார்.

"நானும் பயர்மேனா இருந்தவன்தாம்ப்பா."

"எந்த ஷெட்டுங்க ஐயா?"

இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. ஷெட் என்றால் இன்ஜின்களை நிறுத்திப் பராமரிக்கும் இடம். அப்பா முகம் அப்படியே மாறிப்போனது. பொன்மலை என்றார். "எங்க இன்ஜினும் அங்கேதான் ஐயா வேலைக்குப் போகும்" என்றார் அந்தப் பையன். அது உண்மைதான். இந்த மாதிரி இன்ஜின்கள் இந்த மலைப்பாதைக்கு முதலில் வந்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து. பழசாகிப் போனபோது அதே மாதிரி புது இன்ஜின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே கட்டிவிட்டார்கள். கடையில் உதிரிபாகம் கிடைக்காத இன்ஜினுக்கு ஒவ்வொரு சாமானையும் தாங்களே வார்த்து, கடைந்து, பொருத்த வேண்டும். நம் ஊரிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் தூரத்தில் இப்படி ஒரு வேலை நடக்கிறது என்று காரைக்குடியில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்பாவுக்கு ஒரு சின்ன ஏமாற்றம், இன்ஜினில் கரி இல்லை. இப்போது இங்கே பெரும்பாலும் எண்ணெய்தான் எரிகிறது. காட்டு வழியில் தீப்பொறி பறக்கும் பயம் குறைவு, சாம்பல் அள்ள வேண்டாம், கரியை மலை அடிவாரம் வரை கொண்டுவந்து சேர்க்கும் பாடும் இல்லை. காரணங்கள் எல்லாம் நியாயமானவை. அப்பா கொஞ்ச நேரம் தீயின் இரைச்சலைக் கேட்டுவிட்டு, "கரி போட்டா மூச்சு வாங்குற மாதிரி இருக்கும், இது ஒரே சீரா இரையுது" என்றார். அப்புறம் அவர் கண் போனது கேஜ் கிளாஸ் மேல். பாய்லருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் அது. விரல் தடிமன்தான் இருக்கும், உள்ளே தண்ணீர் மேலும் கீழும் லேசாகத் துடித்துக்கொண்டே இருந்தது. "முப்பது வருஷம் இதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்று எனக்குக் காட்டினார். தண்ணீர் அளவுக்குக் கீழே போனால் தீ எரியும் அறையின் மேல்தகடு காய்ந்து, பாய்லரே வெடிக்கும் ஆபத்து. பயர்மேனின் வேலையில் பாதி கரி, மீதி பாதி இந்தக் கண்ணாடி.

கல்லாறு வரைக்கும் வண்டி சாதாரணமாக ஓடியது. அங்கேதான் பல்சக்கரப் பாதை ஆரம்பம். தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம், இரண்டு வரிசையாக ஓடுகிறது. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததில் பள்ளம். இன்ஜினின் அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்வும்போது உட்கார்ந்திருக்கும் பலகை வழியாகவே நமக்குத் தெரிகிறது. இன்ஜினில் நாலு சிலிண்டர். சமதளத்தில் இரண்டு போதும். ஏற்றத்தில் அந்த இரண்டும் உபயோகித்துவிட்டு விடும் நீராவி வீணாகாமல் மற்ற இரண்டுக்கும் போய், பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. சத்தமே இரட்டிப்பாகிறது. பன்னிரண்டரை அடிக்கு ஒரு அடி ஏறும் பாதையில் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. படிக்கட்டில் ஏறுகிற உணர்வு.

ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் பிரேக்ஸ்மேன் ஒருவர் பச்சை, சிவப்புக் கொடியோடு நிற்கிறார். முன்பெட்டியில் இருப்பவர் கொடியைக் காட்ட, அடுத்தவர் பார்த்துக் காட்ட, அப்படியே பின்னால் இருக்கும் டிரைவருக்குச் சேதி போகிறது. டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாதே! ஒரு வண்டி ஓட இத்தனை பேர் கண் வேண்டியிருக்கிறது.

அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று வழியில் வண்டி நின்று நின்று போகும். நிறுவனம் கொடுத்த தாளில் இதை "போட்டோ ஸ்டாப்" என்று போட்டிருந்தார்கள். என் முக்கியமான குறை இதுதான். எங்கள் குழுவில் ஒரு அண்ணன், தேவகோட்டைக்காரர், மூன்றாவது தடவை நின்றதும், "இப்படி நின்னு நின்னு போனா எப்ப போய்ச் சேர்றது?" என்று அலுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. யாரும் சொல்லவில்லை. வண்டி நிற்பது நாம் படம் எடுப்பதற்காக இல்லை, தண்ணீருக்காக. பாய்லரில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது, ஏற்றத்தில் இன்னும் வேகமாக. சில கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிரப்பியே ஆக வேண்டும்.

ஹில்குரோவில் அப்பா அந்த அண்ணனைக் கையைப் பிடித்து இறக்கிப் பின்னால் கூட்டிப்போனார். நானும் போனேன். குழாயை இழுத்து இன்ஜினின் தொட்டிக்குள் விட்டார்கள். மலைத் தண்ணீர், கண்ணாடி மாதிரி விழுந்தது. தொட்டி நிரம்பும் வரைக்கும் ஒருவர் எண்ணெய்க் குடுவையோடு கீழே குனிந்து, மூட்டு மூட்டாகத் தொட்டு எண்ணெய் விட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மூட்டின் மேலும் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். அப்பா சத்தம் போடாமல் எனக்கு ஜாடை காட்டினார், புறங்கையைப் பார் என்று. உள்ளங்கை காய்ப்பு ஏறிப் போயிருக்கும், சூடு சரியாகத் தெரியாது. தேவகோட்டை அண்ணன் அதற்கப்புறம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதல் ஆளாக இறங்கினார். குரங்குகள் பிஸ்கட் பிடுங்க வந்தன, அது தனிக்கதை.

குன்னூரில் இறங்கியபோது அப்பாவின் வெள்ளைச் சட்டைக் காலரில் கறுப்புப் பொட்டு பொட்டாக இருந்தது. அவர் துடைக்கவில்லை.

திரும்பி வரும்போது வேனில் ஒரே பேச்சு. ஒரு பாண்டுகுடிக்கார அக்காதான் ஆரம்பித்தார்: "நம்ம செட்டிநாடு ஸ்டேஷனுக்கு இப்படி ஒரு வண்டி விட்டா என்ன ஐயா? கானாடுகாத்தான் வீடு பாக்க வெளிநாட்டுக்காரங்க எவ்வளவு பேர் வர்றாங்க." நடத்தும் பையனும் முன் ஸீட்டிலிருந்து திரும்பிவிட்டான். அவனுக்கு அது ரொம்ப நாள் ஆசையாம். அது ஏன் சுலபமில்லை என்று அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அந்த மூன்று மணி நேரம்தான் இந்தப் பயணத்திலேயே மிகப் பெரியதாகத் தோன்றியது.

முதலில் பாதை. அப்பா ஓட்டிய ஒய்பி, ஒய்ஜி இன்ஜின்கள் மீட்டர்கேஜ். இன்று திருமயம், செட்டிநாடு, கோட்டையூர் எல்லாம் அகலப்பாதை. பழைய இன்ஜினின் சக்கரம் அதில் உட்காராது. அகலப்பாதையில் ஓடுகிற நீராவி இன்ஜின் வேண்டும். அப்படி ஒன்று சென்னையில் இருக்கிறது, இஐஆர் 21 என்று பெயர். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்தது. 1909-ல் ஓய்வு கொடுத்ததைப் பெரம்பூர் பணிமனையில் நூறு வருஷம் கழித்து உயிர்ப்பித்தார்கள். எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரைக்கும் விசேஷ நாளில் ஓடியிருக்கிறது. கவனியுங்கள், கொஞ்ச தூரம்தான். நீண்ட தூரம் ஓட்டுவது கஷ்டம் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

தண்ணீர். அந்தக் காலத்தில் பெரிய ஸ்டேஷன்களில் உயரத்தில் தொட்டியும், பிளாட்பாரம் முனையில் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த குழாயும் இருக்கும். டீசல் வந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். இப்போது லாரியில்தான் கொண்டுவர வேண்டும். அதுவும் எந்தத் தண்ணீர்? "நம்ம ஊரு போர் தண்ணிய ஊத்துனா பாய்லர் போச்சு" என்றார் அப்பா. வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறதே, அதேதான் பாய்லர் குழாய்களிலும் படியும். படிந்த இடத்தில் சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே தங்கி, இரும்பு வெந்துவிடும். அதற்காகத்தான் அந்நாளில் குறித்த நாளுக்கு ஒரு தடவை தீயை அணைத்து பாய்லரைக் கழுவுவார்கள். செட்டிநாட்டில் ஏன் வீதிக்கு வீதி ஊருணி வெட்டினார்கள் என்பதற்கு இதிலும் ஒரு பதில் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். நிலத்தடித் தண்ணீரை நம்ப முடியாது, மழைத் தண்ணீரைப் பிடித்து வை.

அடுத்தது தலைக்கு மேலே ஓடும் கம்பி. 25,000 வோல்ட். இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் வைக்கும் டெண்டர் மேல் பயர்மேன் ஏறி நின்று குழாயைப் பிடிப்பார், கரியை முன்னால் தள்ளுவார். மின்கம்பிக்குக் கீழே யாரும் அப்படி ஏறக் கூடாது. ஏற வேண்டுமென்றால் அந்த இடத்தில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் மற்ற வண்டிகள் நிற்கும். புகையும் கரியும் கம்பியைத் தாங்கும் பீங்கான் குமிழ்களில் படியும், அதையும் துடைக்க வேண்டும்.

மற்ற வண்டிகள் என்றதும் பையன், "நடுவுல ஒரு வண்டிதானே ஐயா, விட மாட்டாங்களா?" என்றான். ஒற்றைப் பாதை. பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ராமேஸ்வரம் போகும் வண்டிகள் இருக்கின்றன, சரக்கு வண்டிகள் இருக்கின்றன. மணிக்கு நாற்பதில் போகும் ஒன்றை நூறில் போகும் வண்டிகளுக்கு நடுவே விட்டால், அது கிராசிங் ஸ்டேஷனில் ஒதுங்கி ஒதுங்கித்தான் போக முடியும். நிற்க நிற்கத் தண்ணீரும் கரியும் செலவாகிக்கொண்டே இருக்கும். டீசலை அணைத்துவிடலாம். இதை அணைக்க முடியாது. காலையில் வண்டி எடுக்க வேண்டுமென்றால் முந்தின நாளே தீ மூட்டி, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அவசரப்படுத்தினால் இரும்பு ஒரு பக்கம் விரிந்து ஒரு பக்கம் விரியாமல் கசிவு வந்துவிடும்.

போய்ச் சேர்ந்ததும் இன்ஜினைத் திருப்பவும் வேண்டும். திருப்பும் மேடை எங்கள் பக்கம் எங்கேயும் இருப்பதாகத் தெரியவில்லை. மறுமுனையில் ஒரு டீசலைக் கட்டிக்கொண்டுதான் வர வேண்டும். அப்புறம் சித்திரை வெயிலில் எங்கள் பக்கம் புல்லெல்லாம் சருகாகக் கிடக்கும், ஒரு பொறி போதும்.

வெளிநாட்டில் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று நான் படித்தவற்றைச் சொன்னேன். அமெரிக்காவில் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி, தனக்காக 1941-ல் கட்டப்பட்ட 'பிக் பாய்' என்ற ராட்சச இன்ஜினை 2019-ல் மறுபடி ஓட்டியது. அவர்களும் கரியை விட்டு எண்ணெய்க்கு மாற்றிவிட்டார்கள். அங்கே சட்டப்படி 1,472 நாள் ஓடியதும், அல்லது 15 வருஷம் ஆனதும், எது முன்னால் வருகிறதோ அப்போது பாய்லரை முழுக்கப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். இங்கிலாந்தில் 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' 2016-ல் பல வருஷப் பழுதுபார்ப்புக்குப் பிறகு லண்டனிலிருந்து யார்க் போனபோது, படம் எடுக்க ஜனங்கள் தண்டவாளத்திலேயே இறங்கி நின்று வண்டியை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அப்பா அதைக் கேட்டு, "இங்கே மட்டும் நிக்க மாட்டாங்களா?" என்றார்.

"அப்ப நடக்காதா ஐயா?" என்று பையன் கேட்டான். குரல் இறங்கிப் போயிருந்தது.

"நடக்காதுன்னு யாரு சொன்னா? இன்ஜின் கிடைக்கும், தண்ணி லாரியில வரும். ஆளு எங்க இருக்கான்? ஹில்குரோவ்ல அந்தப் பையன் கைய வச்சுச் சூடு பாத்தானே, அந்த மாதிரி பத்துப் பேர் வேணும். எங்க செட்டுல இருந்தவங்கள்ல இப்ப நாலு பேர்தான் மிச்சம்."

அதற்கப்புறம் நத்தம் வரைக்கும் வேனில் யாரும் அதிகம் பேசவில்லை.

நிறுவனத்துக்கு என் வேண்டுகோள் சிலவற்றை நேரிலும் சொல்லிவிட்டேன், இங்கும் எழுதுகிறேன். "போட்டோ ஸ்டாப்" என்பதை எடுத்துவிட்டு "தண்ணீர் நிறுத்தம்" என்று போடுங்கள், எதற்கு என்று இரண்டு வரி எழுதுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மண்சரிவில் பாதை மூடப்படுவது வழக்கம். அந்த மாதங்களில் குழு சேர்க்காதீர்கள், சேர்த்தால் ரயில் ரத்தானால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதை முன்பே எழுத்தில் கொடுங்கள். போகும் வழியில் இல்லாவிட்டாலும், இன்னொரு பயணமாகத் திருச்சி ரயில் அருங்காட்சியகத்தைச் சேருங்கள். அப்புறம் அந்தப் பணியாரம்.

போக நினைப்பவர்களுக்கு: பணம் கட்டும் முன் டிக்கெட்டில் "மேட்டுப்பாளையம்" என்று தொடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காட்சி வேண்டுமென்றால் முதல் பெட்டி, முன்னால் மறைக்க இன்ஜின் இருக்காது. இன்ஜினைக் கேட்க வேண்டுமென்றால் கடைசிப் பெட்டி. வெள்ளைத் துணி உடுத்தாதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நிறுத்தங்களில் ஏறி இறங்க யாராவது கைகொடுக்க வேண்டியிருக்கும், படி உயரம்.

மார்ச் மாதம் அடுத்த குழு கிளம்புகிறது. தாத்தா கூட வந்து எல்லோருக்கும் விளக்கிச் சொன்னால் போதும், பணம் வேண்டாம் என்று பையன் வீட்டுக்கு வந்து கேட்டான். அப்பா வருகிறேன் என்றிருக்கிறார். கடைசிப் பெட்டியில், இன்ஜினை ஒட்டிய ஜன்னல் வேண்டுமாம்.